பத்தாவது பெயர்

மதியம் இரண்டே முக்காலுக்கு ஜிஸ்னா மூன்றாவது முறையாகக் கேன்டீனை விட்டு வெளியே வந்து, நூலகப் படிவரை நடந்து, மறுபடியும் கேன்டீனுக்கே திரும்பினாள். முதல் தடவை வாங்கிய, பால் சேர்க்காத கட்டன்சாயா மேசையிலேயே ஆறிக் கிடந்தது. நான்கு மணிக்கு அலுவலகத்தில் விருப்பப் படிவம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் ரிஃபா வர வேண்டும், அவளுடைய படிவத்தில் ஜிஸ்னா கையெழுத்துப் போட வேண்டும். ரிஃபா வராமலே போய்விட்டால் நல்லது என்ற நினைப்பும் காலையிலிருந்து அவளோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தது. கைபேசியில் லதிகா டீச்சரின் செய்தி திறந்தபடி இருந்தது. ‘ஒன்பது ஆச்சு. இன்னும் ஒண்ணு.’

ஐந்து வருடப் படிப்பில் முதல் இரண்டு வருடம் எல்லோருக்கும் பொது. மூன்றாம் வருடத் தொடக்கத்தில் துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலங்கியல், பொருளாதாரம், நிலவியல், புள்ளியியல் எல்லாம் வாசலில் பெயர்ப்பலகை தொங்கும் பழைய துறைகள். ‘நீரும் சமூகமும்’ ஐந்து வருடத்துக்கு முன் லதிகா டீச்சர் தொடங்கியது. நிலவியலிலிருந்து ஒருவர், பொருளாதாரத்திலிருந்து ஒருவர், சமூகவியலிலிருந்து டீச்சர் என்று மூன்று பேர் தங்கள் துறைகளில் மிஞ்சும் நேரத்தில் வந்து பாடம் எடுத்தார்கள். விடுதியில் அதற்குப் பம்பு ஆப்பரேட்டர் படிப்பு என்று பெயர். இந்த வருடம் பத்துப் பேர் சேராவிட்டால் புதிய வகுப்பு கிடையாது என்று ஜூனிலேயே கடிதம் வந்துவிட்டது.

ஜிஸ்னா இறுதி வருடம். இறுதி வருடத்துக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் தேர்வு செய்யப்போகும் மூன்று பேரை ஒப்படைத்து, அவர்கள் முடிவெடுக்கும்வரை துணையாக இருக்கச் சொல்வது இங்கே வழக்கம். அதற்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. கொச்சியிலிருந்து வந்த ஒரு பெண்மணி சார்ட் பேப்பரில் முதல் விதியைப் பச்சை மையில் எழுதி ஒட்டினார்: அறிவுரை சொல்லாதே, கேள்வி கேள். முடிவு அவர்களுடையது, உங்கள் பயமோ ஆசையோ அதில் கலந்துவிடக் கூடாது என்றார். ஜிஸ்னாவுக்கு அது நேர்மையான விதியாகத் தெரிந்தது. அதன் நிழலில் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஒதுங்கி நிற்கலாம் என்பது பிறகுதான் தெரியவந்தது.

அந்த மூவரில் ரிஃபா முதல் சந்திப்பிலேயே நேராகக் கேட்டாள். "சேச்சி, இத முடிச்சா கவர்மென்ட் வேலைக்கு அப்ளை பண்ண முடியுமா?"

"கவர்மென்ட் வேலை உனக்கு ஏன் முக்கியம்னு நெனக்கிற?" என்று ஜிஸ்னா திருப்பிக் கேட்டாள்.

ரிஃபா சிரித்துவிட்டாள். "வயித்து வலின்னு போனா, டாக்டரு ‘உனக்கு எங்க வலிக்குதுன்னு தோணுது, ஏன் வலிக்குதுன்னு தோணுது’ன்னே கேட்டுட்டு இருந்தா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு." பிறகு சொன்னாள். அவள் அக்கா கிராம அலுவலகத்தில் எழுத்தர். அந்த வேலை கிடைத்த பிறகுதான், வந்த இரண்டு வரன்களையும் அக்காவால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. கத்தாரிலிருக்கும் உப்பாகூட, எம் பொண்ணு சொன்னா சரிதான் என்றார். ரிஃபாவுக்கு வீட்டில் போட்டிருந்த நிபந்தனை ஒன்றுதான்: எதை வேண்டுமானாலும் படி, அரசு வேலை விண்ணப்பத்தில் எழுதக்கூடிய படிப்பாக இருக்கட்டும். அப்படி இல்லையென்றால் மூன்றாம் வருடமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஜூலையில் தன்னிடமிருந்த மூன்று பேரையும் பாதி வருடம் நீரில் கிடக்கும் கோள்வயல் ஓரத்துக் குடியிருப்பு ஒன்றுக்கு ஜிஸ்னா அழைத்துப் போனாள். ஒரே சந்தில் மூன்று கிணறுகள். முதல் இரண்டிலும் நீர்மட்டம் ஒன்று, மூன்றாவதில் நான்கடி கீழே. நிலவியல் சார் அதற்குப் பாறை அடுக்கைக் காரணம் காட்டியிருந்தார், இரண்டு வருடமாக எல்லோரும் அதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். மற்ற இருவரும் நாடாவால் ஆழம் அளந்துகொண்டிருந்தபோது, ரிஃபா மூன்றாவது கிணற்று வீட்டம்மாவோடு பலாக்கொட்டை உரித்தபடி பேசிக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக, நீங்க மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீங்க என்று கேட்டாள். விடியக்காலை மூணரைக்கு என்றார் அந்த அம்மா. பகலில் மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் போடுகிறார்கள், அவர்கள் குடியேறும்போதே அப்படிப் பேசி முடித்தாகிவிட்டது, விடியலில் இறைத்த தன் கிணறு மறுபடி ஊறுவதற்குள் அவர்கள் மோட்டார் ஓடத் தொடங்கிவிடுகிறது. பாறைக்கும் அந்த நான்கடிக்கும் சம்பந்தமே இல்லை. திரும்பும் பேருந்தில் ரிஃபா ஜன்னலோரம் உட்கார்ந்து, "இதையே படிக்கலாமா சேச்சி, நெஜமாவா?" என்று கேட்டாள். அன்று ஜிஸ்னா கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆமாம் என்றாள்.

அதுல்யா அழைத்தது அதற்குப் பிறகு, மூன்று வாரத்துக்கு முன்னால். ஜிஸ்னா துறை எடுத்த வருடம் அவளுக்குத் துணையாக இருந்தவள் அதுல்யாதான். இதே படிப்பை முடித்து, அரசு வேலைக்குத் தேர்வெழுதி, பட்டியலில் பெயர் வந்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய்விட்டுப் பேருந்து நிலையத்திலிருந்து பேசினாள்.

"டிகிரி பேரப் படிச்சிட்டு, சர்டிபிகேட் பாக்குற அம்மா பக்கத்து சீட்டுக்காரருகிட்ட காட்டுனாங்க. அவரு எந்திரிச்சுப் போயி இன்னொருத்தர்கிட்ட காட்டுனாரு. மூணு பேருமே நல்லவங்கதான்டி, சாயா எல்லாம் வாங்கிக் குடுத்தாங்க. இது எந்தப் படிப்புக்குச் சமம்னு நம்ம யுனிவர்சிட்டி ஒரு தாள் குடுத்திருக்கணுமாம். போய்க் கேட்டா, அதுக்கான கமிட்டி இன்னும் கூடவே இல்லன்றாங்க."

"எப்பக் கூடுமாம்?"

"அடுத்த மாசம். எனக்கு தேர்ட் இயர்லயும் இதத்தான் சொன்னாங்க." பேருந்து ஹாரனுக்கு மேலே குரலை உயர்த்தினாள். "ஜூனியருங்ககிட்ட சொல்லிடு ஜிஸ்னா. நான் உன்கிட்ட சொல்லல, இது இப்படி வந்து நிக்கும்னு எனக்கு அப்பத் தெரியாது. உனக்கு இப்பத் தெரியும்."

மறுநாளே ஜிஸ்னா டீச்சரிடம் போய்க் கேட்டாள். லதிகா டீச்சர் அந்தத் தாளுக்காக மாதம் ஒருமுறை ரயிலேறித் தலைமை அலுவலகத்துக்குப் போய்வருபவர். முழங்கால் வலியோடு அங்கே நான்கு மாடி ஏறுகிறார் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். "பத்துப் பேரு இருந்தா நான் போய் மேசையத் தட்டிக் கேக்கலாம் மோளே," என்றார். "ஏழு பேர வச்சுக்கிட்டு என்னத்தத் தட்டுறது? இந்த வருஷம் வகுப்பு நின்னுச்சுன்னா அந்த ஃபைலையே கட்டி வச்சுருவாங்க. அப்புறம் அதுல்யாவுக்கும் இல்ல, உனக்கும் இல்ல." அதில் பொய் எதுவும் இல்லை. மூடிப்போன படிப்புக்காக யாரும் மாடி ஏறப்போவதில்லை. ஜிஸ்னா தன் அறைக்கு வந்து, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த நாளைக்கு மூன்று வாரம் நீண்டுவிட்டது.

மூன்று பத்துக்கு ரிஃபா வந்தாள். ஒரு கையில் குடை, மறு கையில் செய்தித்தாளில் சுற்றிய, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? துறை எடுக்கப்போறது நானா, நீங்களா?" என்று பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள். பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். உருண்டையான கையெழுத்தில் எல்லாம் நிரப்பியிருந்தது. விருப்பத் துறை என்ற கட்டத்தில் ‘நீரும் சமூகமும்’. கீழே ஒரே ஒரு வரி காலியாக இருந்தது. அதற்கு மேல் அச்சிட்டிருந்தது: ‘மேற்படி மாணவருடன் பாடத்தேர்வு குறித்து முழுமையாக உரையாடியுள்ளேன்.’

ஜிஸ்னா பேனாவைத் திறந்தாள். அந்த வரியை இரண்டாம் முறை படித்தாள். பேனாவை மூடிவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். பேருந்து நிலையத்திலிருந்து வந்த அழைப்பு, மூன்று மேசை மாறிய சான்றிதழ், கூடாத கமிட்டி, டீச்சர் சொன்ன கணக்கு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ரிஃபா முதலில் மென்றுகொண்டே கேட்டாள். பாதியில் மெல்லுவதை நிறுத்திவிட்டு விரல்களை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் துடைத்தாள்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"மூணு வாரமா."

"மூணு வாரத்துக்கு முன்னாடி விலங்கியல்ல ஆறு சீட்டு இருந்துச்சு. தெனமும் போர்டப் பாத்துட்டுத்தான் கிளாசுக்குப் போவேன். போன புதன்கிழமைதான் நெறஞ்சுது." குரல் உயரவில்லை. "இப்ப மிச்சம் என்ன இருக்கு தெரியுமா? புள்ளியியல். கணக்குல எனக்கு முப்பத்தாறு மார்க்கு. அதப் பாத்து நீங்கதான், ‘இந்த மார்க்கு உனக்கு என்ன சொல்லுது’ன்னு கேட்டீங்க."

பக்கத்து மேசையில் சங்கத் தேர்தலுக்கு யார் நிற்பது என்று நான்கு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லி முடிச்சதும் உங்களுக்கு லேசாயிடுச்சு, இல்ல?"

அது உண்மைதான். சொல்லி முடித்த நிமிடத்தில் தோளிலிருந்து எதுவோ இறங்கியதை அவள் உணர்ந்திருந்தாள். அது எங்கே போய் உட்கார்ந்தது என்பதும் இப்போது எதிரில் தெரிந்தது. "ஆமா," என்றாள்.

ரிஃபா சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தைந்து. "நீங்க என் எடத்துல இருந்தா எத எடுப்பீங்க? பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டீங்கன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்."

"இதத்தான் எடுப்பேன்." தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஆனா எனக்கு உன் வீடு இல்ல, ரிஃபா. எங்கப்பா கொடகரயில பேக்கரி வச்சிருக்காரு. படிச்சிட்டு ரெண்டு வருஷம் நான் சும்மா கடையில உக்காந்திருந்தாலும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அந்த ரெண்டு வருஷம் உனக்குக் கெடைக்காது. கமிட்டி கூடும்னுதான் நான் நம்பறேன். என் நம்பிக்கைய நீ உன் வீட்டுல போய்க் காட்ட முடியாது."

"இத ஜூலையில சொல்லியிருக்கலாம்."

"ஜூலையில எனக்குத் தெரியாது. ஆகஸ்ட்ல சொல்லியிருக்கணும்."

ரிஃபா பையைத் துழாவி இன்னொரு வெற்றுப் படிவத்தை எடுத்தாள். அலுவலகத்தில் எப்போதும் இரண்டாகத்தான் கொடுப்பார்கள், அடித்தல் திருத்தல் இருந்தால் வாங்கமாட்டார்கள் என்று. குனிந்து வேகமாக நிரப்பினாள். விருப்பத் துறைக் கட்டத்துக்கு வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, ‘புள்ளியியல்’ என்று எழுதினாள். இரண்டையும் ஜிஸ்னாவின் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டுலயும் போடுங்க. முழுமையா பேசியாச்சுன்னு இப்ப தைரியமாப் போடலாம்."

ஜிஸ்னா இரண்டிலும் கையெழுத்திட்டாள். ரிஃபா குடையை மறந்து எழுந்தவள் திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள். "பழம்பொரிய வீணாக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து நிமிடம்கூட ஜிஸ்னாவால் அங்கே உட்கார முடியவில்லை. அலுவலக முற்றத்துக்கு வந்து தூணோரம் நின்றாள். ஒற்றை ஜன்னல், அதன் முன் பதினைந்து பேருக்கு மேல் வரிசை. ரிஃபா நடுவில் நின்றாள், கையில் இரண்டு தாள்கள். வரிசை நகர்ந்தது. அவள் முறை வந்தபோது, பின்னால் நின்ற பையனிடம் எதையோ சொல்லி ஒதுங்கினாள். அவன் முன்னால் போனான். அடுத்தவளையும் போகச் சொன்னாள், அதற்கடுத்தவளையும்.

மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி லதிகா டீச்சர் வந்தார். ஜிஸ்னாவின் அருகில் நின்று வரிசையைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளதானே? ஏன் எல்லாருக்கும் வழி விட்டுட்டு நிக்கறா?"

"சொல்லிட்டேன் டீச்சர்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். மிச்ச ஒன்பது பேருகிட்டயும் சொல்லணும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். திட்டுவார் என்று ஜிஸ்னா காத்திருந்தாள். அவர் வரிசையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தக் கெணத்துக் கேள்வியக் கேட்டது இவதானா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா."

மூன்று ஐம்பத்தாறு. ஒரு பெண் முற்றத்தின் குறுக்கே ஓடிவந்து வரிசையில் சேர்ந்தாள். ரிஃபா அவளையும் முன்னால் விட்டாள். அவள் படிவத்தை நீட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, ரசீதை ஊதிக் காயவைத்தபடி போனாள். அதன் பிறகு யாரும் வரவில்லை. ரிஃபா திரும்பிப் பின்னால் பார்த்தாள். வழிவிடுவதற்கு ஆளில்லாத முற்றம், வெயில் விழுந்து ஈரம் காய்ந்துகொண்டிருந்த சிமெண்டுத் தரை. இரண்டு தாள்களையும் அவள் ஒருமுறை மேலும் கீழுமாக மாற்றிப் பிடித்தாள். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டு, விரல்களை மடக்கி மடக்கிக் கேட்டது.