தோற்க மறுத்த காலுறைகள்

1986 மார்ச் 8, சனிக்கிழமை. சஸ்காச்சுவான் மாகாணத்து டன்வெல் ஊரில் நடந்த அரையிறுதிப் பனிஹாக்கி ஆட்டத்தில் உள்ளூர் அணி நான்குக்கு மூன்று என்று வென்றது.

ஊரே எழுந்து குதித்தபோது பலகையை விட்டு எழாதவள் வெர்னா கோவல்சுக் ஒருத்திதான். கை தட்டினாள், தட்டாவிட்டால் நன்றாயிருக்காது. மனம் என்னவோ வீட்டுச் சலவை அறைக் கொடியில் தொங்கிய ஏழு ஜோடிச் சிறகுகளிடம் இருந்தது. பழைய ஜன்னல் திரையையும் கம்பி ஹேங்கர்களையும் வைத்து அவளே செய்த தேனீச் சிறகுகள். தலைக்கு வைக்கும் கொம்புகளும் தயார். உடம்புதான் இல்லை.

அந்த வருஷம் கோதுமை விலை படுத்துவிட்டது. ஏப்ரல் நடன விழாவுக்குக் கடையிலிருந்து உடை வரவழைக்க எந்தத் தாய்க்கும் வசதியில்லை. சின்னப் பிள்ளைகளை இந்த முறை விட்டுவிடலாமா என்று நடன ஆசிரியை ஃபே யோசித்தபோது வெர்னா வாயைக் கொடுத்தாள். தேனீ ஆக்கிவிடலாம், துணி என் பொறுப்பு என்றாள். அவள் மனசில் இருந்தது ஹாக்கி அணியின் காலுறை. கால்காப்புக்கு மேலே தொடைவரை இழுத்து மாட்டுகிற, பாதமில்லாத பின்னல் குழாய். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பட்டையாய் இருக்கும். இரண்டைப் பிளந்து இணைத்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அச்சு அசலான தேனீ உடம்பு. அடுத்த வருஷம் அணிக்குப் புதுசு வரப்போகிறது. கடைசி ஆட்டம் முடிந்த கையோடு பழையதை எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தான் லோர்ன். அவள் கணவனின் தம்பி, அணியின் கோல்காப்பாளன்.

பதினோரு வருஷமாக அந்த அணி முதல் சுற்றைத் தாண்டியதில்லை. பிப்ரவரியிலேயே மூட்டை கட்டிவிடும். பொழுது விடிவதை நம்புவதுபோல் வெர்னா அந்தத் தோல்வியை நம்பினாள். இந்த வருஷம் பார்த்து அணி ஜெயிக்கத் தொடங்கியது. ஜெயிக்கிற அணி காலுறையை மாற்றாது, துவைக்கக்கூடத் துவைக்காது. எழுதாத சட்டம் அது.

மறுநாள் லோர்ன் பெரோகிக் கொழுக்கட்டை சாப்பிட வந்தான். வெர்னா கேட்டுப் பார்த்தாள். ஆடாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களின் காலுறையையாவது தரக்கூடாதா? உட்கார்ந்திருக்கிறவன் யார், ஆடுகிறவன் யார் என்று ராசிக்குத் தெரியாது என்றான் அவன். இருவரையும் பார்த்துக்கொண்டிருந்த மகள் ட்ரீனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"லோர்ன் சித்தப்பா, நீங்க எப்ப தோப்பீங்க?"

வெர்னாவின் கணவன் மெட்ரோ தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

"யாரு குட்டி உனக்கு இப்படிக் கேக்கச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. அம்மாதான் தினமும் சாமிகிட்ட கேக்குறாங்க."

லோர்ன் அண்ணியைப் பார்த்தான். "எனக்கு எதிராவா வெர்னா?"

"உனக்கு எதிரா இல்லடா. காலுறைக்காக."

"அது சாமிக்குப் புரிஞ்சிருக்குமா?"

திங்கட்கிழமைக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. இறுதிச் சுற்றில் எந்தப் பக்கம் உட்காரப்போகிறாய் என்று பெட்ரோல் பங்கில் கேட்டார்கள். வெளியூர் அணி உனக்குத் தனி நாற்காலி போட்டிருக்கிறதாமே என்றார் மளிகைக்கடைக்காரர். வெர்னாவும் சிரித்துவைத்தாள். ஃபே மட்டும் சிரிக்கவில்லை. இறுதிச் சுற்று ஆட்டத்துக்கு ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்க் கடைசி ஆட்டம் விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது. சின்னவர்களின் நடனத்தை எடுத்துவிடட்டுமா என்று ஃபே தொலைபேசியில் மெதுவாகக் கேட்டாள். வெள்ளி வரைக்கும் பொறுக்கச் சொன்னாள் வெர்னா. ஜெயித்தாலும் தோற்றாலும் அன்றோடு முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் சமநிலையில் கடைசி நிமிஷத்துக்கு வந்தது. எதிரணிக்காரன் தனியாளாகப் பாய்ந்து வந்து அடித்ததை லோர்ன் குறுக்கே விழுந்து தடுத்தான். பக்கத்துப் பெண் மடியில் காப்பி கொட்டிய பிறகுதான் தான் எழுந்து நின்று கொழுந்தன் பெயரைக் கத்திக்கொண்டிருப்பது வெர்னாவுக்கு உறைத்தது. அடுத்த பாய்ச்சலில் டன்வெல் கோல் போட்டது. கோப்பை ஊருக்கு வந்தது.

அவள் பெரிய பிளாஸ்டிக் பையோடு உடைமாற்றும் அறை வாசலில் போய் நின்றாள். வழியை மறித்தவன் அணித்தலைவன் கார்த். முன்பல் இரண்டு இல்லாத வாயெல்லாம் சிரிப்பு.

"மன்னிச்சுக்க வெர்னா. இது இப்ப வெறும் காலுறை இல்ல. கண்ணாடிப் பெட்டியில வைக்கப்போறோம், எல்லார் பேரும் போட்டு."

தோற்றிருந்தாலாவது கிடைத்திருக்கும். அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஏழு பிள்ளைகளிடமும் என்ன சொல்வது என்றுதான் யோசித்தாள். உள்ளே பெஞ்சில் இருந்த லோர்ன் குனிந்து இடது காலுறையை உருவினான்.

"ஜெயிக்கத்தான் ரெண்டு காலும் வேணும். கண்ணாடிப் பெட்டியில நிக்க ஒரு கால் போதாதா?" என்று சொல்லி, அதைச் சுருட்டி அவள் பைக்குள் எறிந்தான்.

அறையில் ஒருவன் சிரித்தான். அப்புறம் வரிசையாக எல்லோரும் உருவினார்கள். கடைசியாகக் கார்த்.

"துவைச்சுடாத. ராசி போயிடும்."

"ஆறு வயசுப் புள்ளைங்க போடப்போறது கார்த். ராசி போனா போகட்டும், மொதல்ல நாத்தம் போகணும்."

சனிக்கிழமை வினிகர் கலந்த குளிர்ந்த நீரில் நான்கு முறை அலசினாள். வெந்நீர் பட்டால் சுருங்கிவிடும். வெட்டிய இடத்தில் பின்னல் பிரிந்து ஓடாமல் வளைதையல் போட்டாள். ஃபே வந்து குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது என்று சொன்னாள்.

ஞாயிறு மதியம் மண்டபத்தின் பின்வரிசை முழுக்க ஹாக்கி வீரர்கள், இருக்கிற நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு. தேனீக்கள் வந்ததும் அவரவர் ஓட்டையும் ஒட்டுத்தையலையும் வைத்து அவரவர் காலைத் தேட ஆரம்பித்தார்கள். மூன்றாவது தேனீயின் முதுகில் இருப்பது தன் முழங்கால் என்று கார்த் உரக்கச் சொன்னான். அவன் அம்மா முன்வரிசையிலிருந்து திரும்பி அவனை அடக்கினாள். ட்ரீனா எல்லோரும் வலப்பக்கம் சுற்றும்போது இடப்பக்கம் சுற்றினாள். பாதியில் ஒரு தேனீயின் கொம்பு விழுந்தது. அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டே அந்தக் குழந்தை ஆடி முடித்தது.

கூட்டம் கேட்டுக்கொண்டதால் தேனீ நடனம் இரண்டு தடவை ஆடப்பட்டது.