உப்பா, பூஞ்சணமா

ஸுஹைரா அன்றைக்குச் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சிலாபத்து வியாபாரி தோமஸ் மீன் காயப்போடும் என் வாடியில் வெள்ளை படிந்த கட்டாக் கருவாடு ஒன்றைக் கையிலெடுத்து, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வாடிக்காரி ஸுஹைரா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, யாரும் கேட்காமலே வாயைத் திறந்தாள்.

"அந்த வெள்ள உப்பில்ல தோமஸண்ணே, பூஞ்சணம். அகதி ஆக்களுக்குக் கருவாடு போடத் தெரியுமா?"

எனக்கு முப்பத்திரண்டு வயது. உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர்கள். நான் பிறந்தது புத்தளத்தில். நளீமைக் கல்யாணம் முடித்துக் கற்பிட்டிக்கு வந்து, கருவாட்டு வாடி போட்டு ஒன்பது வருடம். இன்னும் நான் அகதியாம். "ராத்தா, வாய அளந்து பேசுங்க" என்றேன். அவள் சிரித்தாள். சொன்னதைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னை எரித்தது.

தோமஸ் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். பூஞ்சணம் பிடித்த ஒரு மூட்டை உள்ளே போனால் கிடங்கில் இருப்பது முழுவதும் கெட்டுவிடும். கருவாட்டைத் திரும்பப் பாயில் வைத்தார். "தங்கச்சி, சனிக்கிழம வாறன். அதுக்குள்ள இது உப்புத்தான் எண்டு எனக்குக் காட்டுங்க. இல்லாட்டி எடுக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு, ஸுஹைராவின் மூட்டைகளை மட்டும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்.

எப்படிக் காட்டுவது? நாக்கில் வைத்தால் எல்லாமே கரிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பொடி. தோமஸ் வேண்டாம் என்ற சரக்கை வேறு எவனும் தொடமாட்டான். ஒன்பது வருட வாடியை இழுத்து மூட வேண்டியதுதான். "விட்டுத் தள்ளு றைஸா" என்றார் நளீம். கடலுக்குப் போகிற மனிதருக்கு என்ன தெரியும்? வேலிக்கு இந்தப் பக்கம் நாள் முழுக்க நிற்பவள் நான்.

மறுநாள் புத்தளம் போய், போன் கடை வைத்திருக்கும் முபாரிஸிடம் கேட்டேன். "சின்னத்தப் பெருசாக் காட்டுற சாமான் ஏதும் இரிக்கா?"

கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டிலிருந்து, தூசு படிந்த ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் தந்தான். உடுப்புக் காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்று, அதன் தலையில் விரல் நுனியளவு கண்ணாடி. மெக்ரோ லென்ஸாம். போனின் கமராவுக்கு மேல் கவ்வ வைத்தால் எறும்பின் கண்ணும் தெரியுமாம்.

"இது பூ, பூச்சி படம் எடுக்குற ஆக்களுக்கு ராத்தா. ஒங்களுக்கு என்னத்துக்கு?"

"கருவாடு எடுக்க."

அவனும் சிரித்தான். அந்தக் கிழமை சிரித்தவர்கள் எல்லோரும் எனக்குப் பகையாளிகள்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். கருவாடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, வட்டமாக ஒரு கறுப்பு. பத்துப் படம் எடுத்தேன். பத்தும் கறுப்பு. முபாரிஸுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "செல்லாத சாமானத் தலையில கட்டிட்டீங்களே!"

"கத்தாதீங்க ராத்தா. ஒங்கட போனுக்கு எத்தின கமரா?"

"மூணு."

"எதுல மாட்டினீங்க?"

"எனக்கென்ன தெரியும்? மேல இரிக்கிறதுல."

"கமராவத் தொறந்து, மூணையும் ஒவ்வொண்டா விரலால மூடிப் பாருங்க. எத மூடினா ஸ்கிரீன் இருட்டாகுதோ, அதுலதான் மாட்டோணும். போன் உறையையும் கழட்டுங்க, கிளிப் சரியா இருக்காது. ரெண்டு விரல் தூரத்துக்குக் கிட்டப் போங்க. தெளிவில்லாட்டி ஸ்கிரீனத் தட்டிக்கிட்டு இருக்க வேணாம், போனையே கொஞ்சம் கொஞ்சமா முன்னுக்குப் பின்னுக்கு அசைங்க. கை நடுங்கினா எல்லாம் போச்சு. மணிக்கட்ட எதுலயாச்சும் ஊண்டிப் புடிங்க."

புதன்கிழமை காலை, வெயில் சாய்வாக விழும் நேரத்தில், முற்றத்து மேசையில் கருவாட்டை வைத்து, மணிக்கட்டை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். முதலில் ஒரே கலங்கல். ஒரு நூலளவு முன்னே போனேன். யா அல்லா! கண்ணாடிப் பெட்டிகளைக் கொட்டிவிட்டது போலச் சதுரம் சதுரமாக உப்பு. ஒவ்வொன்றுக்கும் மூலை, விளிம்பு, வெயில் பட்டு மினுக்கம். என் கருவாடு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இலேசில் அழுகிறவள் இல்லை.

பூஞ்சணம் எப்படியிருக்கும் என்றும் பார்த்துவிட்டேன். கோழிக்குப் போட வைத்திருந்த பழைய பாண் ரொட்டித் துண்டில் அது நிறையவே இருந்தது. நூல் நூலாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பஞ்சு போல. இரண்டு படத்தையும் தோமஸுக்கு அனுப்பினேன். பின்னேரம் அவர் குரல் போனில் வந்தது. "ஓம் தங்கச்சி, வெளங்குது. உப்புத்தான். சனிக்கிழம ஒங்கட மூட்டையையும் ஏத்துறன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாடி தப்பிவிட்டது. ஆனால் வேலிக்கு அப்பால் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு மீன் கழுவினாள். எனக்கு இரத்தம் கொதித்தது.

வியாழக்கிழமை நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொன்னதும் ஸுஹைரா தொழ உள்ளே போனாள். வேலியோரம் நைலோன் வலையில் அவளுடைய கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. கையை விட்டு ஒன்றை எடுத்து, யாரும் பார்க்காதபடி தோளில் கிடந்த என் சோலின் முனையில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். மேசையில் வைத்தேன். லென்ஸைக் கிட்டக் கொண்டுபோனேன்.

நூல்! பாணில் பார்த்த அதே நூல். உப்புச் சதுரங்களுக்கு மேலே குறுக்கும் மறுக்குமாக ஏழெட்டு.

சந்தோசத்தில் எனக்குக் கை நிலைகொள்ளவில்லை. இரண்டாம் படம் எடுக்கவில்லை, வேறொரு கருவாட்டையும் பார்க்கவில்லை. கற்பிட்டிக் கருவாட்டு வியாபாரிகளின் வட்ஸ்அப் குறூப்பில் போட்டேன். கீழே எழுதினேன்: "இது ஸுஹைராவின் வாடிச் சரக்கு. பூஞ்சணம் யாரிடம் என்று எல்லோரும் பாருங்கள்." பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னர் இரண்டு வியாபாரிகள் அவளுடைய சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாட்டு நின்றது. அன்று சோறு எனக்கு அவ்வளவு ருசித்தது.

சனிக்கிழமை தோமஸின் லொறி வந்து நின்றதும், ஸுஹைரா என் கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒன்பது வருடத்தில் அவள் என் முற்றத்தை மிதித்தது அதுதான் முதல் தடவை. கண் வீங்கியிருந்தது. தோமஸின் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள்.

"இவள் போட்ட படம். நல்லாப் பெருசாக்கிப் பாருங்க தோமஸண்ணே. இந்த நூல் என்ன நெறம்?"

தோமஸ் இரண்டு விரலால் படத்தை விரித்தார். வெள்ளை நூல்கள். நடுவில் இரண்டு மட்டும் கத்தரிப்பூ நிறம்.

"நாங்க காயப்போடுறது நைலோன் வலையில. துணிக்கு எங்கட வாடியில என்ன வேல?" ஸுஹைரா என் பக்கம் திரும்பினாள். "ஒண்ட சோல விரிச்சுக் காட்டு றைஸா."

காட்டத் தேவையில்லை. அன்றும் நான் அதைத்தான் போட்டிருந்தேன். வெள்ளைப் பருத்தியில் கத்தரிப்பூ நிறப் பூ. எண்ணெய்ப் பிடிப்புள்ள கருவாட்டைத் துணியில் சுற்றினால் நூல் ஒட்டும் என்று இந்தக் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கோபத்தில் மறந்திருந்தேன்.

"நீங்க மட்டும் என்ன ராத்தா? என்ட கருவாட்டப் பூஞ்சணம் எண்டு சொல்லல்லையா?" என்றேன்.

"சொன்னன். ஒரு ஆளுக்கு முன்னால வாயால சொன்னன். நீ களவெடுத்துக்கிட்டுப் போய், படம் புடிச்சு, ஊருக்கே காட்டியிரிக்கிறாய்."

தோமஸ் தலையைச் சொறிந்தார். "இப்ப, என் கண்ணுக்கு முன்னால, அவவுட கருவாட்டப் படம் எடுத்துக் குறூப்புல போடுங்க தங்கச்சி. அது போகாம இங்கேயிருந்து ஒரு மூட்டையும் ஏத்தமாட்டன். ஒங்கடதும்தான்."

அவளுடைய வலையிலிருந்து அவரே ஒரு கருவாட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தார். லென்ஸை மாட்டினேன். கை நடுங்கியது. மேசையில் ஊன்றியும் நடுங்கியது. முதல் படம் கலங்கல். இரண்டாவதும் கலங்கல். மூன்றாவதைப் பார்த்துவிட்டு ஸுஹைரா என் மணிக்கட்டைப் பிடித்து மேசையோடு சேர்த்து அமுக்கினாள். நகம் இறங்கியது. கை அசையவில்லை.

"இப்ப எடு" என்றாள்.

படம் தெளிவாக வந்தது. சதுரம் சதுரமாக உப்பு. என்னுடையதற்கும் அவளுடையதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இடது கையின் ஒரு விரலால் எழுதினேன்: "இது ஸுஹைரா ராத்தாவின் கருவாடு. வெள்ளையாக இருப்பது உப்பு. முந்திய படத்தில் இருந்தது என் சோலின் நூல். பிழை என்னுடையது." அனுப்பிய பிறகுதான் அவள் கையை விட்டாள்.

தோமஸ் இரண்டு வாடிச் சரக்கையும் ஏற்றினார். ஸுஹைரா கேற்றைச் சாத்திவிட்டுப் போனாள். மணிக்கட்டில் அவளுடைய நகம் பதிந்த நாலு தடம் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.