பதினொன்று ஐந்துக்கு வந்த எண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. வேறு எவன் தலையிலும் கட்ட மாட்டேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் எங்கள் குப்பத்து ஏலக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். அலை எத்தனை மீட்டர் என்று இன்டர்நெட்டில் வரும் எண்ணை ஜன்னல் பக்கம் திருப்பி, கடலுக்குப் போகிறவர்களுக்குக் காட்டுவது என் வேலை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பக்கம் முழுக்க வெள்ளையாகி, டெலிபோன் லைனில் நொண்டி நொண்டித் திரும்பி வரும். தோளில் வலையோடு நிற்கிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"இன்னாம்மா ரேகா, உன் டப்பா செத்துப்போச்சா?" என்று என் மாமனார் சிங்காரமே கிண்டலடிப்பார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் படித்ததை வைத்து, எண்ணை மட்டும் பின்னாலிருந்து கேட்டு வாங்கும்படி ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினேன். பக்கம் அசையாது; எண் மட்டும் மாறும். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று மேலே வினாடி ஓடும் கடிகாரம் வேறு. பதில் வராவிட்டால் என்ன செய்வது என்றுதான் ஒரு வரிகூட எழுதவில்லை.

அன்றைக்கு ஐப்பசி, பன்னிரண்டு மணி இருக்கும். என் வீட்டுக்காரர் மோகன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். 0.6 மீட்டர், பயமில்லை என்று பச்சை நிறம். "இன்னைக்கு வயசாளி மாதிரி படுத்திருக்குது கடலு. போயிட்டு வந்துடறேன்" என்று போட்டைத் தள்ளினார்.

ஒரு மணிக்கு உப்பளத்தில் வேலை செய்யும் பொன்னம்மாள் அக்கா வேகமாக வந்தாள்.

"காத்து சரியில்ல. உப்பு மேல ஓலையப் போட்டு மூடிட்டு எல்லாரும் கெளம்பிட்டோம். மோகன் எங்க?"

"ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்லக்கா" என்று சிரித்தேன். சிரித்தேனே, பாவி.

இரண்டரைக்குக் காற்று ஜன்னல் கதவைப் பிடித்து அடித்தது. எண் மாறவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்தேன், சத்தமே இல்லை. உப்பளத்தைத் தாண்டி வரும் கம்பி உப்புக்காற்றில் அரித்து அடிக்கடி அறுந்துபோகும். இங்கே அது தெரியாதவர் கிடையாது. பழைய பக்கமாக இருந்தால் வெள்ளையாக நின்று காட்டிக்கொடுத்திருக்கும். என் பக்கமோ கடைசியாக வந்த எண்ணை அப்படியே வைத்திருந்தது. அது எப்போது வந்தது என்று கம்ப்யூட்டருக்குள் தேடினேன். பதினொன்று ஐந்து.

மற்ற போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. மோகன் போட்டு மட்டும் இல்லை. மாமனார் நனைந்தபடி ஜன்னலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார்.

"புள்ளி ஆறுதாம்மா போட்டிருக்குது. கரையிலதான் இப்டி இருக்குது, உள்ள ஒண்ணும் இருக்காது. வந்துடுவான், அழாத."

என் டப்பாவை நம்பாமல் இருந்த ஒரே மனுஷன் அவர்தான். கடிகாரம் வினாடி தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, அது பதினோரு மணிக்கு வந்த நம்பரு."

அவர் மெல்லத் திரும்பிக் கடலைப் பார்த்தார்.

"இதப் பாத்துட்டுத்தான் போனானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.