பூமத்திய ரேகையில் எடுத்த முடி

என் வீட்டுக்காரரை நாலு பேர் பிடித்துக்கொள்ள, ஐந்தாவது ஆள் அவர் தலையை மழிக்கிற வீடியோவை முதல் தடவை பார்த்தபோது நான் சிரித்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதில் எனக்கு இஷ்டமில்லை.

என் பெயர் மாலா. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர்களின் காகிதங்களோடுதான் என் பிழைப்பு. "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி வாசிச்சுப் பாருங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வேன். ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். நான் மட்டும் எல்லாவற்றையும் வாசிப்பேன்.

என் வீட்டுக்காரர் மகாராஜன் உல்லாசக் கப்பலில் சமையல்கட்டில் இருந்தார். மூவாயிரம் பேர் தின்கிற கப்பல். காய் நறுக்குவதுதான் அவருக்கு முக்கால்வாசி வேலை. எங்கள் மகள் கோமு ஏழு மாதத்தில் பிறந்தவள். நாற்பத்தொரு நாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அப்போது அவர், பிள்ளை பிழைத்து வந்தால் அவளுக்கு ஒரு வயது ஆகும்வரை நானும் தலையில் கத்தி வைக்க மாட்டேன், இரண்டு பேருமாக வந்து முடி இறக்குகிறோம் என்று எங்கள் குலசாமி சாஸ்தாவுக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தாள். மூன்றாவது மாதம் அவர் கப்பலேறினார்.

சமையல்கட்டில் நீள முடியோடு நிற்கக் கூடாது என்று தெரியும். அதனால் வலை போட்டு, தொப்பி போட்டு நிற்கிறேன் என்று கடிதம் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார். அந்தக் கடிதத்தை அடித்துக் கொடுத்ததே நான்தான். தலைமைச் சமையல்காரர் அதில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

கப்பல் சிங்கப்பூரிலிருந்து தெற்கே போகிறபோது பூமத்திய ரேகையைத் தாண்டும். அதை முதல் தடவை தாண்டுகிறவர்களுக்கு ஒரு சடங்கு செய்வார்கள். பயணிகளுக்கு மேல்தளத்தில், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் நடக்கும். ஒருவர் கயிற்றுத் தாடி ஒட்டிக்கொண்டு கடல்ராஜாவாக உட்கார்ந்திருப்பார். முதல் தடவைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் ஒரு மீனுக்கு முத்தம் கொடுக்க வேண்டும், தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் சான்றிதழ் தருவார்கள். வேண்டாம் என்கிறவர்களை ஒருவரும் கட்டாயப்படுத்துவதில்லை, பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். என் வீட்டுக்காரர் அதை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "நம்ம ஊரு கோயில் கொடை மாதிரி இருக்கு" என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

மறுநாள் மத்தியானம் வேலையாட்களுக்கு நடந்தது. அது பின்பக்கம், வடம் சுற்றி வைத்திருக்கும் இடத்தில். அங்கே பயணிகள் வர மாட்டார்கள்.

அந்த வீடியோவைக் கொண்டுவந்து காட்டியது என் தம்பி கண்ணன். தூத்துக்குடி ஏஜெண்ட் ஞானதுரையைப் பிடித்து அவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். "எக்கா, அத்தான் கப்பல்ல ஹீரோ ஆயிட்டாரு, பாரு" என்று போனை நீட்டினான். பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. இவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தலையிலும் மூஞ்சியிலும் ஏதோ பச்சையாகக் கூழ். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடுகிறார். நாலு பேர் தோளில் கை போட்ட மாதிரி ஒட்டி நிற்கிறார்கள். சுற்றி நிற்கிற மற்றவர்கள் பதிலுக்குக் கும்பிட்டு ஆடுகிறார்கள். ஒருவன் மெஷினை வைத்து நடுமண்டையிலிருந்து இழுக்கிறான். நான் சிரித்தேன். நேர்ந்த முடியாச்சே என்று ஒரு நிமிஷம் பகீரென்றுதான் இருந்தது. ஆனால் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவரே சம்மதித்திருப்பார் என்று நினைத்துவிட்டேன். அவருக்கு 'சூப்பர்' என்று போட்டு இரண்டு சிவப்பு இதயமும் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. இரண்டு நாளைக்குப் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டேன். ஒரேயடியாகச் சொல்லவில்லை. சட்டை மடித்துக்கொண்டே கொஞ்சம், பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கொஞ்சம்.

"முடிய மட்டும் விட்டுருங்க, சாமிக்கு உள்ளதுன்னு சொன்னேன். இங்கிலீஷ்லதான் சொன்னேன். நோ, நோன்னு எத்தன வாட்டி. எந்திரிக்கப் பாத்தேன், தோளை அமுக்கிட்டாங்க. பொறவு கும்பிட்டேன். கும்பிட்டா விட்டுருவாங்கன்னு நினச்சேன் மாலா."

நம் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட சண்டையிலும் கையெடுத்துக் கும்பிட்டவனை விட்டுவிடுவார்கள். அதை நம்பித்தான் அவர் கும்பிட்டிருக்கிறார். அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்துத்தான் நான் இதயம் அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "உனக்கு என்ன தெரியும்" என்றார். அதற்குப் பதிலாக அவர் திட்டியிருக்கலாம்.

மழித்த அன்று சாயங்காலமே அவர் கப்பல் ஆபீசில் போய்ப் புகார் சொல்லியிருக்கிறார். அதற்கு ஆறு வாரம் கழித்து, அவர் ஊருக்கு வந்த மறுநாள், பதில் வந்தது. பதில் என்றால் ஒரு பக்கப் படிவம். 'மேற்படி விளையாட்டில் நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் கலந்துகொண்டேன். எனக்கு யார் மீதும் புகார் இல்லை' என்று அவர்களே அடித்து, கீழே கையெழுத்துக்குக் கோடும் போட்டு அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை மாலைக்குள் போட்டு அனுப்பினால் அடுத்த ஒப்பந்தம் உண்டு. இல்லாவிட்டால் கிடையாது. 'கிடையாது' என்பதை மட்டும் எழுதவில்லை, ஞானதுரை போனில் சொன்னார்.

"போட்டு விட்ருங்க அத்தான். முடிதான? ரெண்டு மாசத்துல வளந்துரும்" என்றான் கண்ணன்.

என் மாமியார் பிச்சம்மாளுக்கு வேறு கவலை. "சாமிக்கு உள்ள முடிய எவனோ கண்டவன் வெட்டிக் கடல்ல போட்டுட்டானே. பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? இவன் எந்திரிச்சு ஓடியிருக்கப்பிடாதா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டு பேர் மீதும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருத்தனுக்கு அது வெறும் முடி. இன்னொருத்திக்கு அது சாமி முடி. முடிக்குக் கீழே ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தான் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அந்த மனுஷன் வீட்டுக்குள்ளேயும் தொப்பியோடு இருந்தார். பூ மார்க்கெட் வரைக்கும்கூடப் போகவில்லை. பிள்ளை தலையைத் தொட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க இதுல கையெழுத்துப் போடக் கூடாது" என்றேன்.

"போடாம? திரும்பக் காய்கறிக் கடையில போயி நிக்கவா?"

"நில்லுங்க. நானும் சம்பாதிக்கத்தான செய்யுதேன்."

"நான் போட்டுருதேன் மாலா. அத முடிச்சு விட்டுரணும். திரும்பத் திரும்ப அதையே பேசுனா எனக்கு அந்த நாற்காலியிலயே இருக்க மாதிரி இருக்கு."

அதற்கு மேல் நான் பேசவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காதவர்கள் ஐந்து பேர். ஆறாவதாக நான் சேர வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். வாசுதேவநல்லூர் தாண்டி மலையடிவாரத்தில்தான் எங்கள் சாஸ்தா. வேன் பிடித்துப் போனோம். படிவத்தை அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். திரும்பி வருகிற வழியில் என் மையத்தில் இறங்கி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவதாகத் திட்டம்.

முடி இறக்க வந்தவர் சிவனாண்டி அண்ணாச்சி. கோமுவைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தோம். கண்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்தான். அண்ணாச்சி தண்ணீரைத் தொட்டுத் தலையில் வைத்ததுதான் தாமதம், பிள்ளை வீலென்று கத்திவிட்டாள். இரண்டு கையையும் தூக்கி உச்சந்தலையை மூடிக்கொண்டாள்.

"அழத்தான் செய்யும். நான் கைய பிடிச்சுக்கிடுதேன், நீங்க அடிங்க அண்ணாச்சி" என்றான் கண்ணன்.

சிவனாண்டி அண்ணாச்சி கத்தியை மடக்கிக் கல்லின் மேல் வைத்துவிட்டார்.

"பிடிச்சு வச்சு அடிக்கிற சோலி நம்மகிட்ட கிடையாது தம்பி. பிள்ள கைய எடுக்கட்டும்."

"நேரம் போகுது, பத்தரைக்குள்ள முடிக்கணும்" என்றாள் என் மாமியார்.

"நேரத்தப் பாத்தா பிள்ளையப் பாக்க முடியாது தாயி. தலை அதுக்கு உள்ளதுல்லா? அது வேண்டாங்குது. இருங்க."

இருந்தோம். அண்ணாச்சி தண்ணீர்க் கிண்ணத்தைப் பிள்ளையின் பக்கம் நகர்த்தி வைத்தார். தன் தலையைக் குனிந்து காட்டினார். அவள் ஒரு கையை எடுத்துத் தண்ணீரில் அடித்தாள். பிறகு அவர் வழுக்கையில் அடித்தாள். அவர் 'ஆ' என்று வலித்த மாதிரி கத்தினார். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அப்படியே இருபது நிமிஷம் போனது. அவருக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. நடுவில் ஒரு தடவை கத்தியைத் தொட்டார். அவள் கை மேலே போனது. உடனே கீழே வைத்துவிட்டார். கண்ணனுக்கு மடி மரத்துப்போயிற்று, ஆனாலும் அசையவில்லை.

ஏதோ ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கி வைத்திருந்தார். கல்யாணமாகி நான்கு வருஷத்தில், பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோதுகூட, அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒரு வயசுப் பிள்ள மாலா. பேசக்கூடத் தெரியாது. அதுக்காகக் காத்து நிக்குதாரு பாரு அந்த மனுஷன்" என்றார். "எனக்கு இருபத்தொம்பது வயசு. நான் வாயத் தொறந்து சொன்னேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கோமு கடைசியில் கையை இறக்கினாள். முடி இறங்கியது, பிள்ளை அழவில்லை. பத்தரை தாண்டிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. சாஸ்தா ஒன்றும் சொல்லவில்லை.

"அடுத்து ஐயாவா?" என்று சிவனாண்டி அண்ணாச்சி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். தலையில் ஆறு வார முடி, ஒரு விரல்கணு உயரம் இருந்தது.

"இருக்கத எடுத்துருப்பா. சாமிக்கு ஏதோ போட்ட மாதிரி ஆகட்டும்" என்றாள் மாமியார்.

"இல்லம்மா. சாமிக்கு நேந்தது ஒரு வருச முடி. அத எடுத்தவன் வேற. முதல்ல அவன் பதில் சொல்லட்டும். பொறவு நான் புதுசா வளத்துக் கொண்டாரேன்."

மாமியார் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

வேன் புளியங்குடியைத் தாண்டும்போது ஞானதுரை கூப்பிட்டார். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன மகாராஜன், கையெழுத்து வந்துரும்லா? அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"போட மாட்டேன் அண்ணாச்சி."

"என்னவே இப்படிச் சொல்லுதீரு? வேல போயிரும்வே. இதெல்லாம் அங்க விளையாட்டு. எல்லாரும் செஞ்சுக்கிடுததுதான்."

"செஞ்சுக்கிட்டவங்க போடட்டும். நான் வேண்டாம்னு சொன்னேன். அத எழுதி இன்னைக்கே அனுப்புதேன்."

"வேற கப்பல்லயும் எடுக்க மாட்டாங்க, பாத்துக்கிடும்."

"எடுக்காட்டிப் போறாங்க."

போனை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கண்ணன் மொட்டைத் தலை மருமகளை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் இருந்தான். அவள் தலையைத் தடவிக்கொண்டே, "நான் அந்த வீடியோவ நிறைய பேருக்கு அனுப்பிட்டேன் அத்தான்" என்றான். "தெரியும்" என்றார் இவர்.

எல்லோரும் என் மையத்தில் இறங்கினோம். மத்தியானம், கூட்டம் இல்லை. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அடித்தேன். என்ன தேதி, எந்த இடம், பிடித்தவர்கள் யார் யார், மெஷினைப் பிடித்தது யார், எத்தனை தடவை வேண்டாம் என்று சொன்னார். தலைமைச் சமையல்காரர் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் சேர்த்தோம். எனக்கு ஊரிலுள்ள வசவையெல்லாம் இங்கிலீஷில் போட வேண்டும் என்று கை அரித்தது. "நடந்தத மட்டும் எழுது" என்றார். சரி என்று அடக்கிக்கொண்டேன். கடைசியில், வேலைக்காக இதை மாற்றி எழுத மாட்டேன் என்று ஒரு வரி சொன்னார்.

அனுப்பப் போகும்போது என் மாமியார் நாற்காலியைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி மாலா, முடியப் பத்தியே எழுதிக்கிட்டு இருக்கியே. நான் பெத்த பிள்ளைய, அவன் வேண்டாம் வேண்டாம்னு கும்பிட்டும், நாலு பேரு அமுக்கிப் பிடிச்சாங்கன்னு எழுது. அவன் அம்மா கேக்காள்னு எழுது."

என் வீட்டுக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அதை அப்படியே அடித்தேன். அந்த வரியை மட்டும் இங்கிலீஷில் மாற்றவில்லை. தமிழிலேயே விட்டு, கீழே பிச்சம்மாள் என்று பெயர் போட்டு அனுப்பினேன். புரியாவிட்டால் யாரிடமாவது கேட்டு வாசிக்கட்டும்.