வலது கைக்கு இன்னொருத்தி

கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரலில் துணி சுற்றாமல் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். அடியில் கிடக்கும் பாறை கத்தி மாதிரி அறுக்கும். இடது கையை அவரவரே சுற்றிக்கொள்ளலாம். வலது கைக்கு இன்னொருத்தி வேண்டும். யுவராணிக்கு அவள் அண்ணன் பெண்டாட்டி முத்தழகுதான் எப்போதும் சுற்றிவிடுவாள்.

அவள் தனியாகக் கடலில் இறங்கிய அன்றைக்கு மட்டும் மதினியைக் கூப்பிட வழியில்லை. அது கடலுக்குப் போகக் கூடாத நாள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் பாசி எடுக்கலாம். மற்ற நாளில் அது தழையட்டும் என்று விட்டுவிட வேண்டும். பாம்பன் பக்கத்து அந்த ஊர்ப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது.

யுவராணியின் பத்தாம் வகுப்புப் பரீட்சை அமாவாசை நாட்களில் வந்து விழுந்தது. ஒன்பதோடு நின்றவள், இத்தனை வருஷம் கழித்துத் தனித்தேர்வராக எழுதப் போகிறாள். பாசியைக் காயப்போட்டுக்கொண்டே செய்யுளை முணுமுணுப்பாள். "கலெக்டரம்மா வாராங்க, வழி விடுங்கடி" என்று கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு உத்தியோக ஆசையெல்லாம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை எழுதிவிட்டு, மற்ற பிள்ளைகளோடு பேசிக்கொண்டே வெளியே வர வேண்டும். அவ்வளவுதான்.

பரீட்சைக்காக விடப்போகும் நாட்களை முன்கூட்டியே ஈடுகட்டிவிடலாம் என்றுதான் தனியாக இறங்கினாள். வலது கைத் துணியைப் பல்லால் இழுத்து முடிந்தாள். இரண்டு முங்கிலேயே அது அவிழ்ந்து போனது. மூன்றாவது முங்கில் ஆள்காட்டி விரலின் அடியிலிருந்து உள்ளங்கை வரை பாறை கிழித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். முத்தழகு வழியெல்லாம் வைதுகொண்டே வந்தாள்.

"பாசிக்கே லீவு விட்டிருக்கோம். உனக்கு வேணாமாடி?"

"ஒருநாள்தான மதினி..."

"பேசாத. வாயில குத்திப்புடுவேன்."

தையல் காயும் முன்பே தமிழ்ப் பரீட்சை வந்தது. யார் சொல்லியும் கேட்காமல் மண்டபத்துக்குப் பஸ் ஏறிப் போனாள். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் பேனாவைச் செருகி எழுதினாள். எல்லா விடையும் தெரிந்திருந்தது. இரண்டாம் பக்கத்தில் தையல் விட்டு, தாளில் ரத்தம் பட்டது. மணி அடிக்கும் முன்பே எழுந்து வெளியே வந்தாள். வாசலில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

டாக்டர் மறுபடி தைத்துவிட்டு, எழுதவும் கூடாது, கடல் தண்ணியும் படக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு அவள் பஸ் ஏறவில்லை.

அமாவாசைக்கு மறுநாள் காலையில் பெண்கள் வத்தைப் படகில் ஏறக் கரைக்கு வந்தார்கள். யுவராணியும் வந்து ஓரமாக நின்றாள்.

"இன்னைக்குக் கணக்குப் பரீட்சை, மதினி."

"நடக்கட்டும். கணக்கு எங்கன ஓடிப்போகுது? அடுத்த தடவையும் அதைத்தான் கேப்பாங்க."

"அதுக்குள்ள கை ஆறிருமா?"

"சும்மா வச்சிருந்தா ஆறும். உன்னால முடியுமா, அதைச் சொல்லு."

பாலத்தின் மேல் மண்டபம் போகிற பஸ் சின்னதாகத் தெரிந்தது. அது மறையும்வரை யுவராணி பார்த்துக்கொண்டே நின்றாள்.

முத்தழகு தன் இடது கையைச் சுற்றி முடித்துவிட்டு, வலது கையை அவள் முன்னால் நீட்டினாள்.

"எனக்கு யார் கட்டுவா?"

"ஒத்தைக் கையால எப்படி மதினி?"

"மெதுவாக் கட்டு. தண்ணி இன்னும் வத்தல, நேரமிருக்கு."

யுவராணி இடது கையால் சுற்றினாள். நழுவியது. மறுபடி சுற்றி, ஒரு முனையை மதினி பல்லில் கடித்துக்கொள்ள, இவள் மறு முனையை இழுத்து முடிந்தாள். முத்தழகு விரல்களை மடக்கிப் பார்த்தாள். அவிழவில்லை. அடுத்தவளும் கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

வத்தை போன பிறகு யுவராணி மணலில் உட்கார்ந்தாள். தூரத்தில் தலைகள் முங்கின, எழுந்தன. பேனா பிடிக்கத் துடித்த வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து, அதன்மேல் இடது கையைப் பொத்திக்கொண்டாள்.