ஏழு நிமிடம் முந்திய நிழல்கள்

விமான நிலையத்தை ஒட்டிய தெருவில் விமானங்களின் நிழல்கள் விமானங்களுக்கு ஏழு நிமிடம் முன்னதாகவே வந்துபோயின. தெருக்காரர்களுக்கு அது ஒரு வசதி. நிழல் மொட்டைமாடியைக் கடந்ததும் கைக்குழந்தையின் காதைப் பொத்தலாம், பாதியில் நிற்கும் சண்டையைச் சத்தம் வருவதற்குள் முடித்துக்கொள்ளலாம். பிறகு ஒரு வியாழக்கிழமை காலை இரண்டு நிழல்கள் தையல்கடைச் சுவரில் நேருக்கு நேர் மோதின. சத்தமே இல்லை. இறக்கைத் துண்டுகள் சுவரில் வழிந்து சாக்கடை ஓரம் விழுந்தன. ஏழு நிமிடம் கழித்து அதே இடத்துக்கு மேலே இரண்டு சரக்கு விமானங்கள் ஒரு மாடி உயர இடைவெளியில் தப்பின. தையற்காரர் கீழே போட்ட கத்தரிக்கோலை அன்று முழுவதும் எடுக்கவில்லை.

அதே தெருவில் குடியிருந்த டவர்காரர், அதாவது விமானங்களுக்கு ஏறு, இறங்கு, பொறு என்று உத்தரவு கொடுப்பவர், இதை அலுவலகத்துக்கு எழுதினார். நான்கு மாதம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது: அனுமதியின்றி முன்கூட்டி வரும் நிழல்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. அன்றிலிருந்து அவர் வேலையில் இருக்கும் நேரமெல்லாம் அவர் மனைவி மொட்டைமாடியில் நின்றாள். மூன்று வருடம். மேகம் மூடிய நாட்களில் நிழல் விழாது என்பதால் அவளுக்குச் சோறு இறங்காது. இரண்டு நிழல்கள் ஒரு முழம் நெருங்கினாலே டவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவாள். கணவர் மட்டும், ஒன்றும் நடக்காததற்கு யாரும் சம்பளம் கூட்டித் தருவதில்லை என்று அலுத்துக்கொண்டார்.

வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகள் விடுமுறைக்குத் திரும்பும் நாளில் நிர்வாகத் தலைவரும் வருவதாக இருந்தது, வான்பாதுகாப்பு வாரத்தைத் தொடங்கிவைக்க. அவருடைய விமானத்துக்கு வழிவிட்டு மற்றவை காத்திருக்க வேண்டும் என்று காலையிலேயே உத்தரவு. பகல் பதினொன்றேகாலுக்கு டவரில் தொலைபேசி அடித்தது.

"என்னங்க, மோதிடுச்சு. பெருசு மேல சின்னது."

"எது பெருசு?"

"நம்ம பொண்ணு வர்றதுங்க. அது நேரம்தானே இது?"

அவர் திரையைப் பார்த்தார். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஆயிரம் அடி உயர வித்தியாசம். எல்லாம் சரி. சரியாக இருந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. தலைவரின் விமானத்தை உடனே மேலே ஏறச் சொன்னார். விமானி பணிவோடு, தலைவர் உள்ளே இருக்கிறார், மேடையில் மைக் தயார், முதலில் இறங்க வேண்டியது நாங்கள்தான் என்றார்.

"தலைவரையும் சேர்த்துத்தான் ஏறச் சொல்றேன். இப்பவே ஏறுங்க."

ஏறினார்கள். சீக்கிரம் இறங்கித் தொலை என்று தலைவர் அவசரப்படுத்தியதில், அனுமதி வருவதற்குள் விமானி விமானத்தின் மூக்கைக் கீழே சாய்த்திருந்தது பிறகுதான் தெரிந்தது. மொட்டைமாடியில் நின்றவள் ஏழாவது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய விமானம் அவள் தலைக்கு மேல் முழுசாகக் கடந்து போனது. திறந்து பார்த்தபோது எட்டாவது நிமிடம்.

முன்னுரிமை விமானத்தை அவமதித்ததற்காக டவர்காரரைப் பெட்டி எடைபோடும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவருக்குப் பதிலாக வந்தவர் முதல் வேலையாகப் பழைய டவர்காரர் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வான்பாதுகாப்பு வாரம் சிறப்பாக நடந்தது. மேடையில் விளக்குகளைப் போட்டபோதுதான் தலைவருக்கு நிழல் இல்லை என்பது தெரிந்தது. அதைத் தேட மூவர் குழு அமைத்தார்கள். இதுவரை இடைக்கால அறிக்கை மட்டும் வந்திருக்கிறது.

மகளும் நிழலில்லாமல்தான் வந்து இறங்கினாள். வாசலில் வெயிலில் நின்றபோது காலடியில் தரை வெறுமனே கிடந்தது. மோதிய விமான நிழலோடு அவள் நிழலும் போய்விட்டது என்று அம்மாவுக்குத் தெரிந்தது. பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். இப்போது இருவரும் கடைக்குப் போகும்போது ஒட்டி நடக்கிறார்கள். ஒரு நிழலே இரண்டு பேருக்கும் போதுமானதாக இருக்கிறது.