லாரியில் அடிபட்ட மாப்பிள்ளை

ஊத்துக்குளியிலிருந்து வேலம்பாளையம் போகும் கம்பெனி பஸ்ஸில் சித்ரகலா பன்னிரண்டு நாளாக ஒரு கதை சொல்லிக்கொண்டு வந்தாள். பனியன் கம்பெனியில் அவள் ஓவர்லாக் டெய்லர். மிஷின் சத்தத்தில் பேச முடியாததையெல்லாம் பஸ்ஸில் பேசித் தீர்ப்பவள்.

கதையில், முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் இருக்கும்போது பூவாத்தாளின் மாப்பிள்ளை மண்டபத்துப் பின்வாசல் வழியாக ஓடிப்போகிறான். அவள் கட்டிய பட்டுச்சேலையோடு தேடிக் கிளம்புகிறாள். உடுமலைப்பேட்டையில் தோப்புத் தோப்பாக விசாரிக்கிறாள். பழனியில் மொட்டைத் தலைகளுக்கு நடுவே துழாவுகிறாள். பஸ்ஸில் இருந்த நாற்பது பெண்களும் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு கூடவே தேடினார்கள். டிரைவர் ராசப்பன் பாட்டை நிறுத்திவிட்டுக் காதைப் பின்னால் வைத்திருந்தார்.

பதின்மூன்றாம் நாள், மாப்பிள்ளை லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான்.

பஸ்ஸே கொதித்துவிட்டது.

"லாரியா? அது எங்கிட்டிருந்து வந்துச்சு?" என்று எழுந்தே விட்டாள் மூக்கம்மாள். செக்கிங்கில் இருப்பவள், விருதுநகர்ப் பக்கத்துக்காரி. "அந்தப் புள்ள அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேத்தா! இம்புட்டு நாளா எங்களை அலைய விட்டுட்டு லாரியக் கொண்டாந்து ஏத்துறியே!"

"விதின்னு ஒண்ணு இருக்குதுங்களேக்கா."

"விதி இல்லீங்க, சோம்பேறித்தனமுங்க," என்றார் ராசப்பன், கண்ணாடியில் பார்த்தபடி.

அன்று சாயங்காலம் யாரும் அவளுக்கு சீட் பிடித்து வைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தாள். சோம்பேறித்தனம் என்ற சொல் சுட்டது. உண்மையில் அது பயம். இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தினால் என்ன பேசுவார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் ரசத்தைத் தாளித்துக்கொண்டே, "ஏன் ஓடுனே? சொல்லு, ஏன் ஓடுனே?" என்று பூவாத்தாளாகப் பேசிப் பார்த்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிய அவள் வீட்டுக்காரன் பிரபாகர் திடுக்கிட்டான். "நா எங்க புள்ள ஓடுனேன்? கடைக்குத்தான போனேன்!"

சித்ரகலா கரண்டியோடு திரும்பினாள். "ஏனுங்க, நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப, எனக்குப் புடிச்சுருக்குதான்னு கேட்டீங்களா?"

"கேக்கலையே." அவன் குரல் இறங்கியது. "கேட்டிருக்கோணுமா?"

அவள் அடுப்பை அணைத்தாள். கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை பஸ் கிளம்பியதும், "லாரி வரலீங்க. மாப்பிள்ளை சாகலீங்க," என்று ஆரம்பித்தாள். பேச்சுச் சத்தம் அடங்கியது.

ஒரு வெண்ணெய்க் கடையில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை. பூவாத்தாள் எதிரே போய் நின்றாள்.

"ஏன் ஓடுனே?"

"உனக்கு என்னையப் புடிச்சுதான்னு யாருமே கேக்கலை. நானும் கேக்கலை. கேட்டா இல்லைன்னு சொல்லிருப்பியோன்னு பயந்துட்டேன்."

"சொல்லித்தான் இருப்பேன்."

"அப்பறம் எதுக்கு இத்தன ஊரு தேடுனே?"

"அதச் சொல்லத்தான். இப்பச் சொல்றேன், கேட்டுக்க. எனக்கு உன்னையப் புடிக்கலை. நீ ஓடுனது தப்பில்ல. நாஞ் சொல்றதுக்கு முந்தி ஓடுனதுதான் தப்பு."

அவன் தலையாட்டினான். அவள் கால் கிலோ வெண்ணெய் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

மூக்கம்மாள் முன் சீட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தாள். பஸ் முழுக்கச் சிரிப்பு பரவியது. 'அப்பறம்?' என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வருகிறதா என்றுதான் சித்ரகலா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில், கதை கேட்க ராசப்பன் பஸ்ஸைச் சாலையோரம் நிறுத்தியிருந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி கடிகாரத்தைக் காட்டினார். "இருவது நிமிசம் லேட்டுங்களே?"

"பஞ்சருங்க," என்றார் ராசப்பன்.

"ஆமாய்யா, பெரிய பஞ்சரு," என்றாள் மூக்கம்மாள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே.